விசாகப்பட்டினத்து அட்மிரலுக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: "கிழக்குப் பிராந்தியக் கடற்படைத் தளபதி பொறுப்பேற்பு என்று அவ்வப்போது செய்தி வருகிறது. இந்தியக் கடற்படைக்கே தளபதி இவர்தானா? போர் வந்தால் இவர் கப்பலில் போவாரா? சென்னையிலும் ஒரு அட்மிரல் இருக்கிறாரே, அவர் யார்?"

சுருக்கமான பதில்: இவர் இல்லை, போகமாட்டார், சென்னையில் இருப்பவர் இவருக்குக் கீழே வருபவர். ஆனால் இந்த மூன்று வரியோடு விட்டால் அந்தப் பதவியின் சுவாரசியமான பகுதியெல்லாம் போய்விடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மொத்தக் கடற்படைக்கும் தலைவர் டெல்லியில் இருக்கிறார். நான்கு நட்சத்திர அட்மிரல், கடற்படைத் தலைமைத் தளபதி. அவருக்குக் கீழே கடற்படைக்கே உரிய பிராந்தியங்கள் மூன்று. மேற்கு மும்பையிலும் தெற்கு கொச்சியிலும் கிழக்கு விசாகப்பட்டினத்திலும் இருக்கின்றன. தெற்குக்குப் பயிற்சிதான் முக்கியமான வேலை. போர்க்கப்பல் அணிகள் இருப்பது மேற்கிலும் கிழக்கிலும். மூன்றுக்கும் ஆளுக்கொரு வைஸ் அட்மிரல் (மூன்று நட்சத்திரம்) தலைவர். பதவியின் முழுப்பெயர் வாயில் நுழையாது: ஃப்ளாக் ஆபீசர் கமாண்டிங்-இன்-சீஃப். கடற்படைக்காரர்கள் பேச்சில் 'சி-இன்-சி' என்று முடித்துவிடுவார்கள்.

அந்த 'ஃப்ளாக்' எங்கிருந்து வந்தது? ரியர் அட்மிரலும் (வைஸ் அட்மிரலுக்கு ஒரு படி கீழே) அதற்கு மேல் உள்ளவர்களும் தங்கள் தரத்துக்கென்று தனிக்கொடி உடையவர்கள். அவர் எந்தக் கப்பலில் இருந்து அணியை நடத்துகிறாரோ அதில் அந்தக் கொடி ஏறும். தூரத்துக் கப்பல்களுக்கு 'தலைவர் இதில் இருக்கிறார்' என்று காட்டும் பாய்மரக் காலத்து ஏற்பாடு இது. 'ஃப்ளாக்ஷிப்' என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். இப்போது அதைச் செல்போன் விற்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'கொடி அதிகாரி' என்று நேராகத் தமிழாக்கினால் சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற வந்தவர் என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே 'தளபதி' என்றே வைத்துக்கொள்வோம்.

இனி வரலாறு. ராஜேந்திர சோழனை இழுக்கப் போவதில்லை. அவருக்கும் இந்தப் பதவிக்கும் தொடர்ச்சி எதுவும் கிடையாது. இதன் உண்மையான முன்னோடி பிரிட்டிஷ் கடற்படையின் கிழக்கிந்தியப் பிராந்தியத் தளபதி பதவி. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி 1958 வரை அது இருந்தது. அந்தப் பதவியில் இருந்தவர்களில் நம் கரையோடு அதிகம் மல்லுக்கட்டியவர் எட்வர்ட் ஹியூஸ். 1782, 1783 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானோடு ஐந்து முறை மோதினார். இடங்களைப் பாருங்கள்: சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர். ஐந்திலும் யாருக்கும் தீர்மானமான வெற்றி கிடைக்கவில்லை.

அந்தச் சண்டைகளில் இருவரையும் ஆட்டிவைத்த பிரச்சினை ஒன்று உண்டு. சோழமண்டலக் கரையில் புயலுக்கு ஒதுங்க நல்ல இயற்கைத் துறைமுகம் கிடையாது. சென்னையில் அன்று துறைமுகமே இல்லை. கப்பல் வெட்டவெளிக் கடலில் நங்கூரமிட்டு நிற்கும், ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலைதாண்டிக் கரைக்கு வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கப்பல்கள் கிளம்பியே ஆகவேண்டும். அதனால்தான் திருகோணமலைக்கு அத்தனை அடிதடி. 1782 ஆகஸ்டில் சுஃப்ரான் அதைப் பிடித்ததும் ஹியூஸ் மழைக்காலத்துக்கு மும்பை வரை சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. கப்பல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒதுங்கவும் பழுது பார்க்கவும் கரையில் இடம் வேண்டும். இந்தப் பதவியின் கதை முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

பிரிட்டிஷ்காரர்கள் பிறகு திருகோணமலையைக் கையில் வைத்துக்கொண்டார்கள். இந்தியாவின் கிழக்குக் கரை மட்டும் திறந்த வீடாகவே கிடந்தது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஒற்றை ஜெர்மன் கப்பல் வந்து சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. 'அவன் சரியான எம்டன்' என்று நாம் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது அந்த ஓர் இரவின் மிச்சம். 1942 ஏப்ரல் 6-ல் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன.

1947-ல் சுதந்திரம் வந்தபோது நிலைமை விசித்திரமாக இருந்தது. நம் கப்பல்களெல்லாம் மும்பையிலும் கொச்சியிலும். வங்காள விரிகுடாவின் சிறந்த துறைமுகமான திருகோணமலை இலங்கையில், அதுவும் 1957 வரை பிரிட்டிஷ்காரர்கள் வசம். கிழக்கே நமக்கென்று சொல்லிக்கொள்ளப் பெரிய தளம் இல்லை. தேர்ந்தெடுத்த இடம் விசாகப்பட்டினம்.

ஏன் சென்னை இல்லை என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. விசாகப்பட்டினத் துறைமுகத்தின் வாயிலில் 'டால்ஃபின் மூக்கு' என்ற மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் மறைவில் ஒரு வாய்க்கால் வழியாக உள்ளே போனால் உள்துறைமுகம். காற்றிலிருந்தும் கண்ணிலிருந்தும் ஒதுக்கமான இடம். 1933-ல் திறந்த துறைமுகம், பக்கத்திலேயே கப்பல் கட்டும் தளம். சென்னைத் துறைமுகமோ கடலில் கல்லைக் கொட்டி உருவாக்கியது, நகரத்தின் மடியில் உட்கார்ந்திருக்கிறது, வணிகக் கப்பல்களுக்கே இடம் பற்றாது. விசாகப்பட்டினத்திலும் குறை உண்டு: உள்ளே போக, வெளியே வர அந்தக் குறுகலான வாய்க்கால் ஒன்றுதான். வாயிலில் எதிரி ஒரு கண்ணிவெடி போட்டால் மொத்த அணியும் உள்ளே மாட்டிக்கொள்ளும். இதை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் வரும்.

1960-களின் நடுவில் சோவியத் யூனியனிடம் நீர்மூழ்கிகள் வாங்கினோம். அவற்றுக்கான தளத்தையும் பழுதுபார்க்கும் கூடத்தையும் விசாகப்பட்டினத்தில் அமைத்தார்கள். 1968 மார்ச் 1-ஆம் தேதி கிழக்குக் கடற்படைக் கட்டளையகம், அதாவது நாம் பேசும் கிழக்குப் பிராந்தியம், முறைப்படி உருவானது. அதே ஆண்டு ஜூலையில் முதல் நீர்மூழ்கி ஐஎன்எஸ் கல்வரி அங்கே வந்து சேர்ந்தது.

மூன்றே ஆண்டில் பாகிஸ்தானோடு போர். இந்தப் பதவி எதற்காக இருக்கிறது என்பதை 1971-ஐ விடத் தெளிவாக எதுவும் காட்டாது.

அப்போது அங்கே தளபதியாக இருந்தவர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரிலேயே வீரப்பதக்கம் வாங்கியவர். 1961-ல் போர்த்துகீசியரிடமிருந்து டையூவை மீட்டபோது ஐஎன்எஸ் டெல்லியின் கேப்டன். அவர் கையில் இருந்த பெரிய ஆயுதம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த். அதுவும் நொண்டி ஆயுதம். கொதிகலன் ஒன்றில் விரிசல், முழு வேகத்தில் ஓட முடியாது. விமானந்தாங்கியின் வேகம் குறைந்தால் விமானம் எழும்பத் தேவையான எதிர்க்காற்றும் குறையும். எதிரி நீர்மூழ்கிக்குத் தப்பி ஓடவும் சிரமம். பாகிஸ்தானிடமோ விக்ராந்தைத் தேடி வரக்கூடிய காஸி என்ற நீண்டதூர நீர்மூழ்கி இருந்தது. நவம்பர் 14 வாக்கில் கராச்சியிலிருந்து கிளம்பிவிட்டது.

காஸி வங்காள விரிகுடாவுக்குள் வந்துவிட்டது என்பது எப்படித் தெரிந்தது? இடைமறித்த ஒரு சாதாரணச் செய்தியிலிருந்து. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) சிட்டகாங் துறைமுகத்தில் ஒரு குறிப்பிட்ட வகை மசகு எண்ணெய் கிடைக்குமா என்று பாகிஸ்தான் தரப்பு விசாரித்திருந்தது. நீர்மூழ்கிகளும், கடலில் கண்ணிவெடி அகற்றும் கண்ணிவாரிக் கப்பல்களும் மட்டுமே போடும் எண்ணெய் அது. எண்ணெய்க் கேட்பில் இருந்தே ஆளைக் கண்டுபிடித்தார்கள்.

அப்புறம் கிருஷ்ணன் ஆடியது முழுக்க முழுக்கக் கரையில் உட்கார்ந்து ஆடிய ஆட்டம். விக்ராந்தை அந்தமான் பக்கம் ஓர் ஒதுக்குப்புறத்துக்கு அனுப்பிவிட்டார். அந்த இடத்துக்குச் சங்கேதப் பெயர் 'போர்ட் எக்ஸ்ரே'. விசாகப்பட்டினத்தில் ஒப்பந்தக்காரர்களிடம் இறைச்சியும் காய்கறியும் விக்ராந்தின் ஆட்களுக்கே சாப்பாடு போடும் அளவுக்கு ஆர்டர் செய்யச் சொன்னார். கப்பல் இல்லை, சாப்பாடு மட்டும் வருகிறது. சந்தையில் பேச்சு பரவும், ஒற்றர் காதுக்குப் போகும் என்பது கணக்கு. சென்னையில் இருந்த கடற்படைப் பொறுப்பதிகாரிக்குத் திறந்த தொலைபேசியிலேயே, விக்ராந்த் வருகிறது, இடம் தயார் செய்யுங்கள் என்றார். இப்படிப்பட்ட ரகசியத்தைத் தொலைபேசியில் பேசுகிறாரே என்று அந்த அதிகாரி அதிர்ந்துபோனது சென்னை தொடர்பான தமாஷ்.

கடலிலும் ஒரு வேடம் போட்டார்கள். ஐஎன்எஸ் ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விக்ராந்தாக நடிக்க அனுப்பினார்கள். பெரிய கப்பலிலிருந்து போவதுபோல் வானொலிச் செய்திகள் மூட்டை மூட்டையாகப் போயின. அதில் ஒன்று, ஒரு கடலோடி தன் தாயின் உடல்நிலையை விசாரித்து மறைகுறி இல்லாமல் அனுப்பிய தந்தி. யாரோ ஒரு பையன் விதியை மீறிவிட்டான் என்று ஒட்டுக்கேட்பவன் சந்தோஷப்படவேண்டும். அதற்காகவே போட்ட தந்தி.

டிசம்பர் 3 நள்ளிரவுக்குச் சற்று முன் ராஜ்புத் துறைமுகத்தின் அந்தக் குறுகலான வாய்க்கால் வழியாக வெளியேறியது. வாயில் தாண்டியதும் தண்ணீரில் ஏதோ கலங்கல் தெரிய, நீருக்கடியில் போய் வெடிக்கும் ஆழ்வெடிகளைப் போட்டது. சற்று நேரத்தில் கரையில் இருந்தவர்களுக்கே கேட்கும்படி பெரிய வெடிச்சத்தம். விடிந்ததும் மீனவர்கள் மிதந்த சிதைவுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். காஸி தொண்ணூறு பேருக்கு மேல் ஆட்களோடு மூழ்கியிருந்தது. ராஜ்புத்தின் ஆழ்வெடி என்று நம் தரப்பு சொல்கிறது. அது தானே போட்ட கண்ணிவெடியில் சிக்கியது அல்லது உள்ளே வெடித்தது என்பது பாகிஸ்தான் வாதம். ராஜ்புத்துக்குரிய பெருமையைக் குறைக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் எது உண்மையானாலும், அங்கே இல்லாத ஒரு கப்பலைத் தேடி காஸியை அந்த வாயிலுக்கு வரவைத்தது கரையிலிருந்த மேஜைதான். அதே டிசம்பர் 4 காலையில் விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் பிறகு சிட்டகாங்கையும் தாக்கத் தொடங்கின. 12 நாள் கழித்து டாக்காவில் சரணடைவுப் பத்திரம் கையெழுத்தாகும் அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தில், பின்னால் நிற்பவர்களில் கடற்படை வெள்ளுடையில் இருப்பவர் கிருஷ்ணன்.

இங்கே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. போரில் கடலில் அணியை நடத்தியவர் கிருஷ்ணன் அல்ல. கிழக்குக் கடற்படை அணி 1971 நவம்பர் 1-ஆம் தேதிதான் உருவானது. அதற்குத் தனியாக ரியர் அட்மிரல் எஸ்.எச். சர்மா இருந்தார். இன்றும் அதே ஏற்பாடுதான். அணித்தளபதி கப்பலில் ஏறிப்போவார். அவர் எங்கே போகவேண்டும், என்ன வேலையாகப் போகவேண்டும், எந்தெந்தக் கப்பலோடு போகவேண்டும், வானத்திலிருந்து யார் பார்த்துச் சொல்வார்கள், திரும்பி வந்தால் எங்கே எண்ணெய் போடுவது என்பதெல்லாம் விசாகப்பட்டினத்தில் முடிவாகும்.

இன்றைய கடமைகளில் முதலாவது இதுதான்: சுந்தரவனக் காடுகளிலிருந்து மன்னார் வளைகுடா வரை, மேற்கு வங்கம், ஒடிசா, ஆந்திரா, தமிழ்நாடு, புதுச்சேரிக் கரைகளும் அவற்றுக்கு எதிரே உள்ள கடலும். போர்க்கப்பல்கள், நீர்மூழ்கிகள், ஐஎன்எஸ் தேகா போன்ற விமானத்தளங்கள், ஆயுதக் கிடங்குகள் எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு விலக்கு மட்டும். அரிஹந்த் போன்ற அணுசக்தி நீர்மூழ்கிகளைக் கட்டியது விசாகப்பட்டினத்தில்தான் என்றாலும், அணு ஆயுதம் இவர் கையில் இல்லை. அதற்கென்று தனிக் கட்டளையகம் இருக்கிறது. உத்தரவு பிரதமர் தலைமையிலான அமைப்பிலிருந்து வரவேண்டும். அந்தமானும் இவருக்குக் கீழே வராது. 2001-லிருந்து அங்கே முப்படைக்கும் பொதுவான கட்டளையகம்.

செய்தியில் வராத வேலைதான் அதிகம். கடற்படைப் பழுதுபார்ப்புக் கூடத்தில் எந்தக் கப்பல் எப்போது ஏறும், எந்த மாதம் இறங்கும் என்று அட்டவணை. ஒன்று தாமதமானால் அடுத்த ரோந்துக்குக் கப்பல் இருக்காது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வீடு, பள்ளி, மருத்துவமனை. விபத்து நடந்தால் விசாரணைக் குழு. குற்றம் என்றால் கடற்படைச் சட்டம் 1957-இன்படி ராணுவ நீதிமன்றம் கூட்டுவது. ஹியூஸ் காலத்தில் கப்பல் அடிப்பாகத்துப் பாசியைச் சுரண்ட இடம் தேடி அலைந்தார்கள். இன்றைக்குத் தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் உலர்துறைக்கு வரிசை. தலைவலி அதேதான்.

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இன்னொரு பெரிய சுமை வந்தது. 2009-ல் கடலோரப் பாதுகாப்பின் மொத்தப் பொறுப்பையும் அரசு கடற்படையிடம் கொடுத்தது. பிராந்தியத் தளபதிகள் தங்கள் கரைக்குக் கடலோரப் பாதுகாப்புத் தளபதியும் ஆனார்கள். கரையோரம் கடலோரப் போலீஸ், அதைத் தாண்டிக் கடலோரக் காவல் படை, மேலே கடற்படை. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் கூட்டு நடவடிக்கை மையங்கள் நான்கில் ஒன்று விசாகப்பட்டினத்தில். சொல்வதற்குச் சுலபம். மீன்பிடிப் படகுகள் ஆயிரக்கணக்கில் போய்வரும் கடலில் சந்தேகப் படகு எது என்று இரவில் எப்படிப் பிரிப்பது? 2022 அக்டோபரில் பாக் விரிகுடாவில், எச்சரித்தும் நிற்கவில்லை என்று சொல்லி நம் கடற்படைக் கப்பலே சுட்டதில் மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவர் காயம்பட்டார். விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். தமிழ்நாட்டுக் கரையில் இந்தப் பதவியின் சிக்கல் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம்.

புயலும் வெள்ளமும் வந்தால் இவர்தான் முதலில் கப்பல் அனுப்புவார். 2004 சுனாமியில் தமிழ்நாடு, ஆந்திரக் கரைகளுக்கான மீட்புக்கு 'மதத்' என்று பெயர். அதே நேரத்தில் இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியாவுக்கும் நம் கப்பல்கள் போயின. 2014 அக்டோபர் 12-ல் ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்திலேயே கரையேறியது. மீட்கப் போகவேண்டியவர்களின் தளமே அன்று அடிவாங்கியது.

சென்னை அட்மிரலுக்கு வருகிறேன். அவர் தமிழ்நாடு, புதுச்சேரி கடற்படைப் பகுதியின் தளபதி, ரியர் அட்மிரல். ஆந்திரா, ஒடிசா, மேற்கு வங்கத்துக்கும் இதுபோல் கடற்படைப் பொறுப்பதிகாரிகள் உண்டு. 1971-ல் தொலைபேசியில் அதிர்ந்துபோனாரே, அந்த நாற்காலியின் இன்றைய வடிவம் என்று சொல்லலாம். மாநில அரசு, போலீஸ், துறைமுகம் எல்லாவற்றோடும் தினமும் பேசுபவர் இவர். தமிழ்நாட்டில் இருக்கும் தளங்களும் சாதாரணமானவை அல்ல. அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில் இருந்து கிளம்பும் பி-8ஐ விமானங்கள் கடலில் நீர்மூழ்கி தேடுபவை. ராமநாதபுரம் உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து, பாக் நீரிணைக் கண்காணிப்புக்கு. திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன், 1990-லிருந்து இருக்கிறது. மிகத் தாழ்ந்த அலைவரிசையில் நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையம் அது. அதன் உயரமான கம்பங்களைப் பார்த்துக்கொண்டே பேருந்தில் போகும் பலருக்கு அது என்னவென்று தெரியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் ராஜாளியில் இறங்கியது பலருக்கு நினைவிருக்கும்.

யாருக்குக் கிடைக்கும் இந்தப் பதவி? வைஸ் அட்மிரல் ஆன எல்லாருக்கும் அல்ல. அந்தத் தரத்துக்குள்ளேயே சி-இன்-சி தகுதி தனிப்படி. சம்பளம் நிலையான 2,25,000 ரூபாய், டெல்லித் தலைமைத் தளபதிக்கு 2,50,000. அறுபது வயதில் ஓய்வு என்பதால் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரண்டு ஆண்டுதான் கிடைக்கும். நிர்மல் வர்மா, கரம்பீர் சிங் இருவரும் விசாகப்பட்டினத்திலிருந்து நேரே தலைமைத் தளபதி ஆனார்கள். முப்படையையும் சேர்த்துப் புதிய கட்டளையகங்கள் அமைக்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அது வந்தால் இந்தப் பதவியின் உருவம் மாறும்.

நீங்கள் பார்த்த அந்தப் பொறுப்பேற்பு நாளில் என்ன நடக்கும் என்றால், அணிவகுப்பு மரியாதை, கடற்கரையில் 1971 போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம், அப்புறம் பதவிச் சின்னமான கைக்கோல் ஒப்படைப்பு. முன்பெல்லாம் அதிகாரிகள் அந்தக் கோலைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். 2023 ஜூலையில் அது காலனிக் காலத்து வழக்கம் என்று நிறுத்திவிட்டார்கள். இப்போது கோல் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும். போகிறவர் வருகிறவரிடம் அந்த அறைக்குள்ளேயே கொடுத்துவிட்டுப் போவார்.